நான் அழித்த குரல்

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமைப்பில், புதிதாகப் படம் எடுக்க வந்திருக்கும் பிள்ளைகளின் பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டீ நேரத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கும் பெண்ணொருத்தி அலமாரியைத் திறந்து காட்டிப் புலம்பினாள்.

"பாருங்க சார், மேல வரைக்கும் டிஸ்க். ஷூட்டிங் இடத்துல எடுத்த பேச்ச எத்தன வருஷமானாலும் அழிக்கக் கூடாதாம். பேசின ஆள் கையில ஒரு காப்பி குடுத்துக் கையெழுத்து வேற வாங்கணுமாம். இந்தக் கிறுக்குச் சட்டத்த ஆரு சார் கொண்டு வந்தது?"

"நான்தான்" என்றேன். அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். எழுதியாவது கொடுங்கள் சார் என்று விடாமல் போன் பண்ணுகிறாள். எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நீலகண்டன். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் பலசரக்குக் கடை வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது முழுக்கத் திருவனந்தபுரம். வீட்டில் நாஞ்சில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். தொழில் படித்த கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஸ்டூடியோவில் கேபிள் சுருட்டப் போனேன், எட்டு வருஷம் சுருட்டினேன், ஒன்பதாவது வருஷம் மைக்கைக் கையில் தந்தார்கள். அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே மின்விசிறி எத்தனையில் ஓடுகிறது என்று சொல்லுமளவுக்குக் காது தேறியிருந்தது. அந்தக் காதைப் பற்றி எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகுதான் இந்த வேலை. நகரத்தின் ஓரங்களில் கட்டிட வேலையும் ஹோட்டல் வேலையும் மீன் விற்பதுமாகப் பிழைக்கிற ஜனங்களின் பிள்ளைகள், தங்கள் இடத்துக் கதையைத் தாங்களே முதல் படமாக எடுக்க உதவுகிற ஒரு சின்ன அமைப்பு. கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, எடிட்டிங் அறை எல்லாம் நாங்கள் கொடுப்போம். கூடவே என்னைப் போல நாலைந்து பேர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அது சரியில்லை, இது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

எங்களுக்குத் தலைமை ராஜம்மா மேடம். கொல்லத்துக்காரர். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, வாயில் எந்நேரமும் ஒரு ஏலக்காய். பாராட்டுவது என்பதே அவருக்குத் தெரியாது. ஒரு படம் ரொம்பவே பிடித்துவிட்டால் மலையாளத்தில் "குழப்பமில்லா" என்பார், மோசமில்லை என்று அர்த்தம், அதோடு சரி. அந்த ஒரு வார்த்தைக்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் உயிரைக் கொடுப்பார்கள். நானும்தான்.

அவர் வைத்த நடைமுறை ஒன்று உண்டு. எந்தப் படமும் விழாவுக்கோ அரங்கத்துக்கோ போகும் முன்பு, எடுத்த இடத்திலேயே, அதில் வருகிற ஆட்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும். சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, பள்ளிக்கூடத்திலிருந்தோ சர்ச்சிலிருந்தோ நாற்காலி வாங்கிப் போடுவோம். மேடம் திரைக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்தபடி நிற்பார். ஏன் மேடம் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "படம் ஞான் கண்டாச்சு நீலகண்டா. இனி ஆளுகளக் காணணும்" என்றார்.

கடலோரக் குடியிருப்பு ஒன்றில் இப்படிப் போட்டபோது ஒரு ஆட்டோக்காரர் எழுந்து, "எம் பொண்டாட்டியத் தலைகூட சீவாமக் காட்டிட்டேளே, அவ அண்ணன் பாத்தா என்னய என்ன நெனைப்பான்?" என்று கத்தினார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேடம் சிரிக்கவில்லை. மறுநாளே அந்தக் காட்சியை வெட்டிவிடச் சொன்னார். டைரக்டர் பையன் அழாத குறை. அந்த மாலை வெளிச்சத்துக்காக மூன்று நாள் காத்துக் கிடந்தவன் அவன். "வெளிச்சம் நாளையும் வரும், போயி வேற எடு" என்றார். இது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

இனி செண்பகத்துக்கு வருகிறேன்.

கிழக்கேகோட்டையில் நெடுமங்காடு பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, கைவிட்டுப் போன ஒரு கல் குவாரியைச் சுற்றிக்கொண்டு நடந்தால் அவர்கள் காலனி. அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட குடும்பங்கள். செண்பகம் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் வேலை. அவளுடைய அம்மா முப்பிடாதியம்மா, கொத்தனாருக்குக் கலவை சுமக்கும் மைக்காடு வேலை. புருஷன் இல்லை. இரண்டு பேர்தான் வீட்டில்.

செண்பகம் எழுதிய கதை சின்னது. ஒரு பெரிய வீட்டுக்குக் கலவை சுமந்த பெண், புதுமனை புகும் பால்காய்ப்பு நாளில் அதை ஒருதரம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறாள். வாசலில் புதுக் காவலாளி விடமாட்டேன் என்கிறான். இந்தச் சுவருக்கு நான் எத்தனை சட்டி சுமந்தேன், மாடிப்படியில் எங்கே வழுக்கி விழுந்தேன், எந்த மூலையில் சோறு தின்றேன் என்று அவள் அவனிடம் நாலு நிமிஷம் பேசுகிறாள். படமே அந்த நாலு நிமிஷம்தான். அந்தப் பெண்ணாக நடித்தது முப்பிடாதியம்மாவே.

அந்தக் காட்சி எடுத்த அன்று நான் நேரில் போயிருந்தேன். பாதி கட்டிய வீடு ஒன்றின் வாசல். முப்பிடாதியம்மா பேசிக்கொண்டே இருக்கும் ஆள். கேமரா ஓடினாலும் பேச்சு, ஓடாவிட்டாலும் பேச்சு. "சார் சாப்பிட்டேளா? ஊரு எது? நாகர்கோவிலா? எங்க மதினி அங்கனதான் வாக்கப்பட்டிருக்கா" என்று என்னை விடவில்லை. நடிப்போ, அப்படி ஒரு நடிப்பு. ஆனால் குரல் கரகரவென்று, ஓட்டுத் துண்டைச் சிமெண்டில் உரசுவது போல இருந்தது. சில வார்த்தைகள் பாதியில் காற்றாகப் போய்விடும். பின்னால் அடுத்த மனையில் கலவை இயந்திரம் வேறு. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் அறிக்கையில் எழுதினேன்: "குரல் தரம் குறைவு. டப்பிங் செய்யப் பரிந்துரைக்கிறேன்." என் கையெழுத்துதான். அந்தத் தாள் இன்றைக்கும் என் வீட்டு மேஜையில் இருக்கிறது.

மின்விசிறி எத்தனையில் ஓடுகிறது என்று சொல்லும் காது. அந்தக் கரகரப்பு என்ன என்று அதற்குத் தெரியவில்லை! மைக்கில் வந்த கோளாறு மாதிரி அதைக் கேட்டேன். ஒரு மனுஷியின் தொண்டை என்று கேட்கவில்லை. சாதாரண ஆள் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால்கூட, "என்னம்மா தொண்டைக்கு? டாக்டரப் பாத்தியா?" என்று கேட்டிருப்பான்.

எடிட்டிங் முடிந்து டப்பிங் பற்றிச் சொன்னபோது செண்பகம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அம்மா பேசினதே கெடக்கட்டும் சார். எனக்கு அது மதி."

"உனக்குப் போதும். பாக்குறவனுக்குப் போதாதுல்லா? பாதி வார்த்த கேக்கல, பின்னால மிஷின் சத்தம்."

"மிஷின் சத்தம் அங்க உள்ளதுதானே சார்?"

"செண்பகம், இது கல்யாண வீடியோ இல்ல. சத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. சரி, உன் அம்மாவையே ஸ்டூடியோவுக்குக் கூட்டி வா, அவர்களே திரும்பப் பேசட்டும் என்றேன். பெரிய விட்டுக்கொடுத்தல் என்று எனக்கு நினைப்பு. அவள் தரையைப் பார்த்தபடி, "அம்மைக்கு வர முடியாது சார்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் பெண், கூலி போகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நாகர்கோவிலிலிருந்து டப்பிங் பேசும் ஒரு பெண்ணை வரவழைத்தோம். கெட்டிக்காரி. கண்ணாடி அறைக்குள் நின்று, ஹெட்போனில் முப்பிடாதியம்மாவின் குரலைத் துண்டு துண்டாகக் கேட்டு, திரையில் உதடு அசைவதைப் பார்த்து, அதே வேகத்தில் பேசினாள். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. கலவை இயந்திரத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு குயிலை வைத்தேன். மேடம் முழுப் படத்தையும் பார்த்து, "குழப்பமில்லா" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைக்கச் சொன்னேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

படம் இறுதிப் பிரதியாகிவிட்டால், அடுத்த படத்துக்காக டிஸ்க்குகளைத் துடைத்து வைக்க வேண்டும். அதுதான் அப்போதைய முறை. மற்றவர்கள் சோம்பிக்கொண்டு மாதக்கணக்கில் போட்டுவைப்பார்கள். நான் அன்றன்றைக்கே முடிப்பவன். செண்பகத்தின் டிஸ்க் இரண்டையும், அசலும் நகலுமாக, அன்று சாயங்காலமே துடைத்து, அடுத்த படக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்துக் காலனியில் முதல் காட்சி. இருட்டத் தொடங்கும் நேரம். குவாரி ஓரத்துச் சுவரில் துணி கட்டியிருந்தோம். காலனியே வந்துவிட்டது. பெண்கள் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முப்பிடாதியம்மா முதல் வரிசையில், நல்ல பச்சைப் புடவையில், கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். புழுக்கத்தில் இதென்ன துண்டு என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார். இத்தனை பேச்சுப் பேசுகிற அம்மா ஒன்றும் சொல்லவில்லையே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

படம் ஓடியது. வாசல் காட்சி வந்தது. திரையில் முப்பிடாதியம்மா வாயைத் திறந்தார். பளிங்கு மாதிரி ஒரு குரல் வந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் உரக்கக் கேட்டாள்: "ஏட்டி செண்பகம், இது ஆரு சத்தம்? அக்கா சத்தம் எங்கட்டி?"

காலனி முழுக்கச் சலசலத்தது. முப்பிடாதியம்மா எழுந்து நின்றார். திரையைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு நேராக ஒலிபெருக்கிப் பெட்டியிடம் போய், அதற்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். கையால் கழுத்தைத் தொட்டார். துண்டு நழுவியது.

தொண்டைக் குழியில் ஒரு ஓட்டை. அதில் சின்னக் குழாய். மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது.

ஜனங்களைப் பார்த்து நின்ற ராஜம்மா மேடம் எல்லாவற்றையும் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டிருந்தார். "நீலகண்டா, நிறுத்து" என்றார். அத்தனை வருஷத்தில் ஒரு முதல் காட்சியை அவர் நிறுத்தியது அன்று ஒருநாள்தான்.

செண்பகம் என்னிடம் ஓடிவந்தாள். ஷூட்டிங் முடிந்த மறுவாரம் தொண்டையில் புற்று என்று தெரிந்ததாம். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்களாம். நான் டப்பிங்குக்குக் கூட்டி வா என்று சொன்ன நாளில் முப்பிடாதியம்மா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொன்னா பாவம்னு விட்டுக் குடுப்பீங்க சார். அம்மா குரல் கொள்ளாம், நல்லாருக்குன்னு நீங்க தன்னால சொல்லணும்னு இருந்துது." மூச்சு வாங்கினாள். "போகட்டும் சார். டப்பிங் கெடந்தாலும் கொழப்பம் இல்ல. அம்மா பேசினது ஒங்க டிஸ்க்ல உண்டுல்லா? அது எனக்குத் தாங்க. அம்மைக்கு இன்னைக்கே கேக்கணும். அதுக்குத்தான் இத்தன நாளு காத்திருந்தாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே புரிந்துவிட்டது. "அய்யோ" என்று ஒரு சத்தம்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் போன் இல்லையா, அதில் பேசியது இருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். செண்பகத்தின் பழைய போன் அந்த மழைக்காலத்தில் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது. தப்பியது கோயில் கொடைத் திருவிழா வீடியோ ஒன்று. அதில் முப்பிடாதியம்மாவின் வாய் அசைகிறது, நையாண்டி மேளம்தான் கேட்கிறது.

திரும்பி வரும்போது ஜீப் பேரூர்க்கடை தாண்டிய பிறகு, "முப்பது வருஷம் கேட்ட காது அல்லே நீலகண்டா?" என்றார் மேடம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

துடைத்த டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிறவர்களிடம் ஓடினேன். அதன் மேல் வேறு படம் முழுசாக ஏறிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்தார்கள். டப்பிங் பேசிய பெண்ணிடம் கேட்டேன், அவளிடம் ஏது? ராத்தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. என் மனைவி பயந்துபோய்ப் பிள்ளைகளுக்குப் போன் பண்ணிவிட்டாள்.

ஆறாம் நாள் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் காட்சி எடுத்து முடித்ததும், எல்லோரையும் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் அமைதியை மட்டும் பதிவு செய்வோம். பேச்சுக்கு நடுவே வெட்டு விழும் இடங்களில் ஒட்டுப்போட அது வேண்டும். ஒரு இடத்து அமைதி இன்னொரு இடத்துக்குச் சேராது. அந்தத் துண்டுகளை நான் என் சொந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்கும் வழக்கம் உண்டு, தபால்தலை சேர்க்கிறவர்களைப் போல. தேடினேன். "வாசல், மத்தியானம்" என்று இருந்தது. போட்டேன். காற்று, தூரத்தில் ஒரு காகம், கலவை இயந்திரம் நின்றுபோன வெறுமை. டப்பிங்கின்போது நடுவிலிருந்து இருபது விநாடி எடுத்துக்கொண்டேனே தவிர, கடைசிவரை கேட்டதில்லை. கேட்டேன்.

"முடிஞ்சிட்டா சார்? இனி பேசலாமா?"

அதே கரகரப்பு. அதே காற்று. கடவுளே, எவ்வளவு தெளிவாக! அதற்கு அடுத்த நொடியே என் குரல், எரிந்து விழுகிறது: "சும்மா இருங்கம்மா! பேசக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுகது!" அதோடு பதிவு முடிந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மனுஷியின் குரலில் மிஞ்சியது இரண்டு கேள்வி. அதற்கும் நான் கொடுத்திருக்கும் பதிலைப் பாருங்கள்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என் குரலை வெட்டிவிட்டுக் கொண்டுபோகலாமா என்று யோசனை. வெட்டத் தைரியம் வரவில்லை. வெட்டி வெட்டித்தானே இந்த நிலைமைக்கு வந்தது. முப்பிடாதியம்மா கட்டிலில் இருந்தார். செண்பகம் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. போட்டுக் காட்டினேன்.

தன் குரல் வந்ததும் முப்பிடாதியம்மா நிமிர்ந்தார். என் குரல் வந்ததும் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று பயந்து கையைப் பிடித்தேன். அழவில்லை. சிரிக்கிறார். சத்தமே இல்லாமல், கழுத்துக் குழாயில் காற்று புஸ் புஸ் என்று வர, என்னை நோக்கி விரலை நீட்டி நீட்டிச் சிரிக்கிறார். ஒற்றை விரலைத் தூக்கினார், இன்னொரு தடவை போடச் சொல்லி. போட்டேன். பிறகும் போடச் சொன்னார். அன்று எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது.

"என் சத்தத்த எடுத்துட்டுத் தாரேம்மா செண்பகம். அம்மா குரல் மட்டும் இருக்கும்" என்றேன்.

"தொடாதீங்க சார்" என்றாள். "இனி எதையும் நீங்க தொடாதீங்க."

படத்தை அவளே திரும்பச் செய்தாள். நான் அறைக்குள் போகவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. சட்டத்தை மாற்றச் சொல்லி மேடத்திடம் எழுதிக் கொடுத்தது அந்த வாரத்தில்தான். அந்த வருஷமே ஓய்வும் பெற்றேன். இவ்வளவு நடந்தபிறகும் விழாவில் படம் போடும்போது எனக்கு அழைப்பு வந்தது. எனக்கு ஒதுக்கியிருந்த நாற்காலி முப்பிடாதியம்மாவுக்குப் பக்கத்தில்.

வாசல் காட்சி வந்தது. டப்பிங் இல்லை, குயில் இல்லை. நாலு நிமிஷம் அந்த அம்மாவின் வாய் அசைகிறது, ஒரு சத்தமும் இல்லை. பிறகு திரை கறுப்பானது. கறுப்பில் அந்தக் குரல்: "முடிஞ்சிட்டா சார்? இனி பேசலாமா?" உடனே நான், அத்தனை பேர் காதிலும் எரிந்து விழுகிறேன். அதற்குப் பிறகு எழுத்துகள் ஓடின. டப்பிங் பேசியவர்கள் பெயர் வரவேண்டிய இடத்தில், "குரல்: முப்பிடாதி, நீலகண்டன்" என்று இருந்தது.

என்னால் அடக்க முடியவில்லை. அத்தனை பெரிய அரங்கத்தில் வாய்விட்டு, விக்கி விக்கி அழுதேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பிடாதியம்மா என் பக்கம் திரும்பி, புருவத்தைச் சுருக்கி, உதட்டில் விரலை வைத்து, பேசக் கூடாது என்றார்.